ஆண்டிச்சாமிக்கு ஆயுசுக்கும் ஓசி சார்ஜ்

நான் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். பேர் முனியராஜ். காலையில் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டில் இறக்குவேன். சாயங்காலம் அதே ஆட்களைத் திரும்ப அள்ளி வந்து வீடு சேர்ப்பேன். மாதம் பிறந்தால் கை நீட்டிச் சம்பளம் வாங்குவேன். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், வண்டி ஓட்டினால் சம்பளம் வாங்க வேண்டும் என்கிற சின்ன விஷயம் எனக்குத் தெரியும். என் மச்சான் ஆண்டிச்சாமிக்குத் தெரியாது. சொந்தமாகக் கார் வாங்கி, அந்தக் காருக்கே சம்பளமில்லாத டிரைவராகப் போன மனுஷன் இந்த விருதுநகர் ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவன் பெண்டாட்டி மாடத்தி என் சித்தப்பா மகள். எனக்குத் தங்கை. அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். ஆகவே அவனைத் திட்டுவதற்கு எனக்கு இரண்டு வழியிலும் உரிமை இருக்கிறது.

திட்டுவதற்கு முன்னால் அவன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் கரித்துக்கொட்டுகிறான் என்பீர்கள். ஆண்டிச்சாமி ஒரே பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். வெடிமருந்து கலக்கிற ரூம்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கம்பெனிக்குள் செல்போன் போகக் கூடாது என்பது எங்கள் பக்கம் எல்லாரும் அறிந்த விதி. ஆனால் அதை ஆண்டிச்சாமி மாதிரி பிடித்தவன் கிடையாது. கேட்டில் வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி வைத்தான். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் போன் அந்தப் பெட்டிக்குள் விழ வேண்டும். பெட்டிக்குப் பூட்டு. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை திறக்கக் கூடாது.

பெரிய முதலாளி காலமாகி அவர் மகன் மாரீஸ்வரன் பொறுப்புக்கு வந்த முதல் நாள், போனில் பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டப் பார்த்தார். ஆண்டிச்சாமி பெட்டியைத் தூக்கி அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினான்.

"நான் யாருன்னு தெரியும்ல, போர்மேன்?"

"எனக்குத் தெரியும் மொதலாளி. மருந்துக்குத் தெரியாதே."

மாரீஸ்வரன் போனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து அவர் போனும் பெட்டியில்தான். அந்தக் கம்பெனியில் இன்றுவரை ஒரு விபத்து கிடையாது. அந்த ஒரு காரியத்துக்காக ஆண்டிச்சாமியை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். கும்பிட்டுவிட்டு மறுபடி திட்டுவேன்.

அவனுக்கு இருக்கிற ஒரே வியாதி ஓசி. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று ஊரில் சொல்வார்களே, அவனை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு அரசாங்கம் நூறு யூனிட் கரண்ட் இலவசமாகத் தருகிறது அல்லவா? அவன் வீட்டு மீட்டர் அந்த நூறைத் தாண்டியதே இல்லை. தாண்ட விடமாட்டான். மாடத்தி மிக்ஸியைத் தொட்டால் "அம்மி எதுக்குடி கெடக்கு?" என்பான். கணக்கெடுக்க வருகிற ஆள் சைபர் என்று எழுதிவிட்டுப் போனால் அன்று அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை வரும்.

இத்தனைக்கும் ஓசி, தள்ளுபடி எல்லாம் எப்படித் தயாராகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். எங்கள் ஊரில் பட்டாசு விலைப்பட்டியல் அச்சடிக்கிற லட்சணம் தெரியும்தானே? நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஐநூறு என்று விலை போடுவார்கள். அதற்கு மேலே எண்பது சதவீதம் தள்ளுபடி என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் அடிப்பார்கள். வெளியூர்க்காரன் வாயைப் பிளந்துகொண்டு அள்ளிப் போவான். "தள்ளுபடி எம்புட்டுன்னு பாக்காதீக, கடைசியில கையை விட்டு எம்புட்டுப் போகுதுன்னு கேளுங்க" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் புத்தி சொன்னவனே ஆண்டிச்சாமிதான். ஊருக்குச் சொன்ன புத்தியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே விட்டுவிட்டான்.

அவன் ஓய்வு பெறுகிற சமயம் மாரீஸ்வரன் புதிதாகப் பெரிய டீசல் கார் எடுத்திருந்தார். பழைய எலெக்ட்ரிக் காரை நிறுத்த வீட்டில் இடமில்லை. முப்பது வருஷ விசுவாசத்துக்குத் தர வேண்டிய தொகையில் பாதிக்கு மேல் அந்தக் காராகவே கழித்துக் கொடுத்துவிட்டார்.

"வெளியில வித்தா இன்னும் கூடத் தருவாக, போர்மேன். ஒங்களுக்குன்னுதான் குடுக்கேன். இந்த வண்டிய வந்த புதுசுல வாங்கினவுகளுக்கு ஒரு சலுகை உண்டு. ஆயுசுக்கும் ஃப்ரீ சார்ஜ். சாத்தூர்கிட்ட நாலுவழிச் சாலையில கார் கம்பெனிக்காரவுக சார்ஜ் ஸ்டேஷன் இருக்கு. கொண்டுபோய்ச் சொருகினாப் போதும். அஞ்சு பைசா கெடையாது."

"ஆயுசுக்குமா மொதலாளி?"

"ஆயுசுக்கும்."

யாருடைய ஆயுசுக்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். தானமாம்! அவன் முப்பது வருஷ உழைப்பு அது.

கார் வீட்டு வாசலுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். மாடத்தி அதைச் சுற்றி வந்து, முன் சீட்டின் கதவைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. ஆடியில ஒரு வெள்ளிக்கிழமை என்னைய இந்த முன் சீட்டுல வச்சு இருக்கன்குடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மருந்து ரூமுக்குப் போகிறவன் பெண்டாட்டி தினமும் காலையில் என்ன நினைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுவாள் என்று எங்கள் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. புருஷன் கண்ணும் கையும் முழுசாக ஓய்வு பெற்று வந்தால், பொங்கல் வைத்து வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். கண்மலர் வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தும் விட்டாள். போய்ச் சாத்த வேண்டியதுதான் பாக்கி.

முன் சீட்டுக்கும் காரணம் உண்டு. அவளும் அதே கம்பெனியில்தான் பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். அத்தனை வருஷமும் என் வேனில், பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில்தான் வந்தாள். அந்த சீட்டில் பஞ்சு என்று ஒன்று எப்போதோ இருந்தது. ரோட்டில் பள்ளம் வந்தால் உட்கார்ந்திருப்பவர் தலை கூரையில் இடிக்கும். நான் எத்தனையோ தடவை "முன்னாடி வா தாயி" என்று கூப்பிட்டிருக்கிறேன். வரமாட்டாள். "போர்மேன் பொண்டாட்டி நல்ல எடத்துல உக்காந்தா மத்தவுக என்ன நெனப்பாக" என்று ஆண்டிச்சாமி சொல்லி வைத்திருந்தான். அவன் நியாயத்துக்கெல்லாம் அடி வாங்கியது அவள் தலைதான்.

முதல் தடவை சார்ஜ் ஏற்றப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். நாலுவழிச் சாலையில் ஒரு ஹோட்டல் வளாகத்துக்குள் அந்த ஸ்டேஷன். இசைவாணி என்று ஒரு பெண் அதைப் பார்த்துக்கொள்கிறாள். இவன் பெருமையாகக் காரை நிறுத்தி, ஒயரைச் சொருகச் சொன்னான். அவள் மெஷினில் எதையோ தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, இந்த ஃப்ரீ சார்ஜ் மொத ஓனர் பேருக்குத்தான். வண்டிய வித்தாலும் சலுகை பேர் மாறாது. அவுக போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வரும். அதச் சொன்னீகன்னா ஃப்ரீயா ஏறும்."

ஆண்டிச்சாமி மாரீஸ்வரனுக்குப் போன் போட்டான். அவர் சிரித்துக்கொண்டே நம்பரைச் சொன்னார். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க போர்மேன். நமக்குள்ள என்ன இருக்கு." கார் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஆனையை வித்தவன் அங்குசத்தைக் கையிலேயே வச்சுக்கிட்டான், மச்சான்" என்றேன்.

"ஏலே, ஒனக்குப் பொறாமைலே."

எனக்கா பொறாமை? ஊரிலிருந்து அந்த ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஏற்றிய சார்ஜில் மூன்றில் ஒரு பங்கு கரைந்து போகிறது. வீட்டிலேயே சொருகலாமே என்றால், சைபர் கெட்டுவிடுமாம். ஒரு ஓசியைக் காப்பாற்ற இன்னொரு ஓசியை முப்பது கிலோமீட்டர் துரத்திக்கொண்டு போனான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டிக்கு ஊதத் தெரியவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆண்டிச்சாமி சங்கை வாங்கிவிட்டு, ஊதுவதற்கு மூச்சைப் பழைய சொந்தக்காரனிடம் கடன் கேட்டான்.

அடுத்த தடவை போன் போட்டபோது மாரீஸ்வரன் நம்பரைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க சாத்தூர்லதான இருக்கீக? அப்பிடியே ரெண்டு கிலோ காரச்சேவு வாங்கிட்டு வந்துருங்க போர்மேன். என் மாமியாருக்கு அந்தக் கடைச் சேவுதான் பிடிக்கும்." அதற்கப்புறம்தான் நம்பர் வந்தது. காரச்சேவுக்குக் காசு யார் கொடுத்தார்கள் என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவான்.

சேவு கொண்டுபோய்க் கொடுத்தவனை, வந்ததுதான் வந்தாய், மாமியாரை விருதுநகர் வரை விட்டுவிட்டு வா என்றார்கள். பிறகு முதலாளி மகளின் டியூஷன். பிறகு கல்யாண வீடுகள். புதுக் காருக்கு டீசல் போட வேண்டும், ஆண்டிச்சாமி காருக்கு ஓடிபி போட்டால் போதும் என்பது அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிட்டது. சார்ஜ் முழுக்க அவர்கள் வேலைக்கே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் இவன் மறுபடி ஓடிபிக்குப் போன் போடுவான். அவர்கள் மறுபடி ஒரு வேலை சொல்வார்கள். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் கதை என்று நான் சொன்னால், ஓணானுக்கும் ஓசியில் இடம் கொடுத்திருக்கிறான் என்று மாடத்தி சொன்னாள். அவளுக்கு அப்போது சிரிக்க முடிந்தது.

முப்பது வருஷம் 'போர்மேன்' என்று கூப்பிட்ட வீடு. அது ஆடி பிறப்பதற்குள் 'ஆண்டிச்சாமி' ஆயிற்று. முதலாளியின் மாமியார் ஒரு படி மேலே போய் 'டிரைவர்' என்றே கூப்பிட்டார். ஒருநாள் நான் வேனில் அந்த வீட்டைக் கடந்து போகிறபோது, மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் சொந்தக் காரின் பின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். முதலாளியையே போனைப் பெட்டிக்குள் போட வைத்த கை அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாரனை அடித்துவிட்டுப் போனேன்.

ஆடியும் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை முதலாளியின் மாமியாருக்கு மதுரையில் கண் டாக்டர். மாடத்தி அடுத்த வாரம் போகலாம் என்றாள். அடுத்த வெள்ளி முதலாளி வீட்டில் யாருக்கோ காதுகுத்து. அதற்கடுத்த வெள்ளிதான் இரண்டு பேரும் ஒருவழியாகக் கிளம்பினார்கள். மாடத்தி பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். போகிற வழியில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று இவன் கணக்குப் போட்டான். முதலாளி அன்று கம்பெனிக்குள் இருப்பார் என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

இவன் கூப்பிட்டதும் முதலாளியின் போன் அடித்தது. மரப்பெட்டிக்குள் அடித்தது. இவன் கேட்டுக்குப் போன் போட்டு வாட்ச்மேன் பாண்டிராஜைப் பிடித்தான்.

"பாண்டி, மொதலாளி போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். பெட்டியத் தெறந்து பாத்துச் சொல்லுடா."

"சாப்பாட்டு மணி அடிக்கலையேண்ணே."

"நான் ஆண்டிச்சாமி பேசுறேன்டா!"

"தெரியுதுண்ணே. நீங்க போட்ட ரூலுதானண்ணே. ஆண்டவனே வந்து கேட்டாலும் தெறக்கக்கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீக. நீங்க இங்கன இருந்தா என் கன்னத்துல அறைஞ்சிருக்க மாட்டீகளா?"

அறைந்துதான் இருப்பான். அது அவனுக்கே தெரியும். மத்தியானம் மணி அடித்து முதலாளி வெளியே வந்து பார்த்தபோது பெட்டிக்குள் நம்பர்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் காலாவதி. புதிதாக ஒன்றை வரவழைத்துச் சொல்வதற்கு முன்னால் அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. "நல்லவேளை, அங்கன இருக்கீக. விருதுநகர் ரயில்வே ஸ்டேஷன்ல என் மச்சினன் வந்து எறங்குறான். அவனக் கூட்டிட்டு வந்துருங்க ஆண்டிச்சாமி."

மச்சினன் மூட்டை முடிச்சோடு வந்தான். மாடத்தி அதற்கு முன்பே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் ஊருக்குப் பிரிகிற விலக்கில் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்த்து வேனை நிறுத்தினேன்.

"என்ன தாயி, சாமி கும்பிட்டாச்சா?"

"பஸ்ல உக்கார எடம் கெடச்சுதுண்ணே" என்றாள். வேனில் ஏறி, பழக்கத்தில் அதே பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவனை நடுரோட்டில் நிறுத்தி நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது.

"வித்துத் தொலைலே" என்று மறுநாள் அவன் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். நானே சிவகாசியிலிருந்து ஒரு காலண்டர் ஏஜெண்டைக் கூட்டி வந்தேன். ஆள் காரைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், பிடித்திருந்தது. ஆயுசுக்கும் ஃப்ரீ சார்ஜ் என்று ஆண்டிச்சாமி வாய் நிறையச் சொன்னான். அது எப்படி, யார் பேரில் என்று அவர் விடாமல் கேட்க, ஓடிபி கதை முழுசும் வெளியே வந்தது. அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இந்தக் கார் எனக்கு எதுக்கு அண்ணாச்சி? அந்த மொதலாளியோட சிம் கார்டை விக்கிறாகளான்னு கேட்டுச் சொல்லுங்க. அதுக்கு நல்ல வெலை தாரேன்."

போகும்போது ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுப் போனார். ஓசிதான். ஆண்டிச்சாமி வாங்கி ஆணியில் மாட்டினான்.

ஆடி கடைசி வெள்ளிக்கு எங்கள் கம்பெனி லீவு. வருஷா வருஷம் அன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு என் வேன் இருக்கன்குடிக்குப் போகும். போகிற வழியில் சிவகாசியில் முதலாளி வீட்டு வாசலில் நின்று, அவர் கொடுக்கிற பொங்கல் அரிசியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் முதலாளியின் மனைவி பாண்டிலட்சுமி ஆண்டிச்சாமிக்குப் போன் செய்தார். மாடத்தி பக்கத்தில்தான் பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டிச்சாமி, எங்க கார் சர்வீசுக்குப் போயிருக்கு. நாளைக்கு வெள்ளன வந்துருங்க. நாங்க நாலு பேரு இருக்கோம். போற வழியில ஓடிபி அவுகளே சொல்லிருவாக. மாடத்திக்கு எடம் பத்தாது. அவள வேன்ல வந்துறச் சொல்லிருங்க."

"சரிங்கம்மா" என்றான் அவன். மாடத்தி பூவைக் கட்டி முடித்தாள்.

மறுநாள் காலையில் நடந்ததை அவளும் இசைவாணியும் பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். ஆண்டிச்சாமி வெள்ளைச் சட்டையோடு வாசலுக்கு வந்தபோது மாடத்தி முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பானை. முந்தானையில் கண்மலர்.

"எறங்கு. வேன் வந்துரும்."

"நான் எறங்கல."

"மாடத்தி, அவுக காத்துட்டு இருப்பாக."

"இருக்கட்டும். நான் முப்பது வருஷம் காத்துட்டு இருந்தேன். நீங்க மருந்து ரூமுக்குப் போன ஒவ்வொரு நாளும், அவுகளுக்குக் கண்ணு வேணும் தாயேன்னு வேண்டிக்கிட்டவ நான். அவளும் குடுத்துட்டா. ரெண்டு கண்ணும் பத்திரமா இருக்கு. அந்தக் கண்ணுக்கு மொதலாளி வீடு தெரியுது, அவுக மாமியார் தெரியுது. என்னைய மட்டுந்தான் தெரியல."

ஆண்டிச்சாமி காரை எடுத்தான். சிவகாசி போகிற ரோட்டில் திரும்பாமல் குறுக்கு வழியில் சாத்தூருக்கு விட்டான்.

ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது சார்ஜ் கடைசிச் சொட்டுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. இவன் இறங்கினான். கை தானாகப் போனை எடுத்தது. ஓடிபி வேண்டுமானால் முதலாளியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எங்கே இருக்கிறாய் என்பார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். மாடத்தி கண்ணாடியை இறக்கினாள்.

"ஏம்மா, காசு குடுத்தா இதுல ஏறாதா?"

"நல்லா ஏறுமே அத்தை" என்றாள் இசைவாணி.

"இருக்கன்குடி போயிட்டு ஊர் திரும்ப எம்புட்டு ஆகும்?"

"முந்நூறு ரூவாகிட்ட வரும்."

ஒரு பிராய்லர் கோழிக் காசு. அந்தக் காசுக்குத்தான் காரச்சேவு, டியூஷன், காதுகுத்து, வெள்ளைச் சட்டை, கதவு திறப்பு எல்லாம். கையை விட்டு எவ்வளவு போகிறது என்று கேட்கச் சொல்லி ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் வாயைத் திறந்தபடி இசைவாணியைப் பார்த்தான்.

"ஏம்மா, இத ஏன் இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணாச்சி. ஓடிபி, ஓடிபின்னுதான கேட்டீக."

அவன் சட்டைப் பையில் முதலாளியின் மாமியாருக்குச் சேவு வாங்க எடுத்து வைத்திருந்த ஐநூறு ரூபாய் இருந்தது. அதை எடுத்து இசைவாணியிடம் கொடுத்தான். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டான். உள்ளே போட்டிருந்த பனியனோடு அங்கேயே உட்கார்ந்து, சார்ஜ் ஏறி முடிகிறவரை மாடத்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தானாம். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. டீ வாங்கிக் கொடுத்தாள் என்று இசைவாணி சொன்னாள்.

இந்த நேரத்தில் நான் சிவகாசியில் முதலாளி வீட்டு வாசலில் வேனை நிறுத்தியிருந்தேன். வேன் நிறைய ஆட்கள். பின் சக்கரத்து சீட் மட்டும் காலி. மாரீஸ்வரனும், பாண்டிலட்சுமியும், மாமியாரும், மகளும் பட்டுத்துணி கட்டிக்கொண்டு கேட்டருகில் தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். ஆடி கடைசி வெள்ளியில் சிவகாசியில் வாடகைக் கார் கேட்டால் சிரிப்பார்கள். முதலாளி அடித்த போன்களை ஆண்டிச்சாமி எடுக்கவே இல்லை. கடைசியில் மறுமுனையில் எடுத்ததும், அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, எங்கன இருக்கீக?"

கவனியுங்கள், 'அண்ணே'!

"மொதலாளி, மாடத்தி பேசுறேன். அவுக வண்டி ஓட்டுறாக. ஓட்டும்போது போன் தொடக்கூடாதுன்னு அவுக ரூலு. போன் எங்கிட்டத்தான் இருக்கு."

"சார்ஜ் இல்லையா? ஸ்டேஷன்ல நிக்கீகளா? இரு, ஓடிபி வந்ததும் சொல்லுதேன்."

"வேணாம் மொதலாளி. நாங்க காசு குடுத்தே போட்டுட்டோம். கோயில்கிட்ட வந்துட்டோம்."

மாரீஸ்வரன் போனையே பார்த்தார். ஓடிபி கேட்க ஆளில்லாத போனை அவர் முதல் தடவையாகக் கையில் வைத்திருந்தார். பாண்டிலட்சுமி போனைப் பிடுங்கினார்.

"அப்ப நாங்க எப்பிடி மாடத்தி வாரது?"

"முனியராஜ் அண்ணன் வேன் அங்கனதான நிக்கும்? அதுல வந்துருங்கம்மா. பின் சக்கரத்துக்கு மேல ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கும். என்னோட சீட்டுதான். தாராளமா உக்காரச் சொல்லுங்க."

நான் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்தேன். எங்கள் ஆட்கள் நல்லவர்கள். பெரியம்மாவுக்கும் மற்ற பெண்களுக்கும் எழுந்து முன்னால் இடம் விட்டார்கள். மிச்சம் இருந்தது அந்த ஒரு சீட்தான். மாரீஸ்வரன் பட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தார்.

சாத்தூர் வரைக்கும் ஒரு பள்ளத்தைக்கூட நான் ஒதுக்கி ஓட்டவில்லை.